கிழங்கு மாவில் சேலை உறை செய்யலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கு விலை சரியும்போதெல்லாம், அதில் செய்யும் ஜவ்வரிசியை ரேஷனில் கொடுங்கள், சத்துணவில் சேருங்கள் என்ற கோரிக்கை எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதே கிழங்கு மாவில் மக்கும் உறை செய்ய வழி பண்ணுங்கள் என்று எங்கள் ஆத்தூர் பக்கம் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. அதற்கு மாற்றாக மக்கும் பை என்று விற்பவை பலவற்றில் மாவுச்சத்தோடு பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்ற பாலியெஸ்டரும் கலந்திருக்கிறது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஜவ்வரிசி மில்லில் வாங்கிய கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, கஞ்சி தெளிந்ததும் தட்டில் பரப்பிக் காயவைப்பது எங்கள் மாணவர்களுக்குப் பிடித்த சோதனை. வெறும் மாவுப் படலம் அப்பளம் மாதிரி நொறுங்கும். மருந்துக்கடை கிளிசரினைச் சேர்த்தால் வளைந்து கொடுக்கும், ஆனால் ஐப்பசி மழையில் விரலில் ஒட்டும். சில வாரம் வைத்திருந்தால் மாவின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல நெருங்கி அடுக்கிக்கொள்ள, படலம் மறுபடி விறைத்துப்போகும்.

இதைக் கலவையால் சரிசெய்யலாம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைச் சேர்த்தால் படலம் ஈரம் குடிப்பது குறைகிறது, பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. அது வெறும் தண்ணீரில் கரையாது, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கலந்தால், காய்ந்த படலத்தைக் கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். கால்சியம் அதன் சங்கிலிகளைப் பிணைத்துவிடும், அப்புறம் படலம் தண்ணீரில் எளிதில் கரையாது. ராமநாதபுரம் கடலில் கட்டக்கோரை என்று சொல்லும் பாசியில் இருப்பது இந்த ஆல்ஜினேட்தான். தூத்துக்குடியில் இறால் ஓட்டுக்கும் பஞ்சமில்லை.

எடுத்த எடுப்பில் காய்கறிப் பை வேண்டாம் என்பது என் கருத்து. ஈரத்தையும் கனத்தையும் ஒன்றாகத் தாங்க இந்தப் படலத்துக்கு இன்னும் பலம் வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே சேலை நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை இருக்கிறது. அங்கிருந்து போகும் சேலைகளின் உறையில் தொடங்கலாம். உலர்ந்த சரக்கு, உறை எடை தூக்க வேண்டியதும் இல்லை. நெசவுப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய தொழிலுக்கு மாவின் குணமும் தெரியும்.

ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலத்தில் ஜவ்வரிசி, கிழங்கு மாவு உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மூவரும் சேர்ந்து ஒரு சின்ன சோதனைக்கூடம் அமைக்கட்டும். கிளிசரினும் கைட்டோசானும் எவ்வளவு சேர்த்தால் சித்திரை வெயிலில் வெடிக்காமலும் மழையில் பிசுபிசுக்காமலும் இருக்கும், மண்ணில் புதைத்தால் எத்தனை நாளில் மக்கும், மீட்டருக்கு என்ன செலவாகும் என்று பார்த்து முடிவுகளை மில்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த கிழங்கு அறுவடைக்கு முன்பே இதற்கான கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் கூட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.