ஒரு துளியின் படம் அல்ல, பல துளிகளின் படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்த்துளி விழுந்து தெறிப்பதைப் படமாக்குவது குறித்துத் தங்கள் அறிவியல் இணைப்பில் வெளியான கட்டுரை, விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை எடுக்கும் வீடியோ கேமரா இல்லாமல் அது இயலாது என்று கூறியிருந்தது. சாதாரண ஸ்டில் கேமராவையும் ஃபிளாஷையும் கொண்டே ஸ்டாப் மோஷன் முறையில் அதைச் செய்யலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இம்முறையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக ஒரு துளி விழுகிறது. அத்துளி தான் விழும் வழியில் குறுக்கே செல்லும் லேசர் கதிரைக் கடந்ததற்கும் ஃபிளாஷ் மின்னுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு மில்லி விநாடி கூட்டிக்கொண்டே போய், கிடைத்த படங்களை வரிசையாக அடுக்கி விநாடிக்கு 24 வீதம் ஓடவிட்டால், தெறிப்பு ஏறத்தாழ 42 மடங்கு மெதுவாகக் கண்முன் விரியும். ஷட்டர் திறக்க ஆகும் தாமதம் முறைக்கு முறை சற்றே மாறுவதால், இருட்டறையில் ஷட்டரை முன்னதாகவே திறந்து வைத்துவிட்டு, துளி லேசர் கதிரைக் கடப்பதை உணரும் சென்சாரை ஃபிளாஷுடன் மட்டும் இணைக்க வேண்டும். பலர் ஃபிளாஷை முழுச் சக்தியில் வைத்துவிட்டுப் படம் கலங்குகிறதே என்று வருந்துகிறார்கள்; சக்தியைக் குறைக்கக் குறைக்கத்தான் மின்னும் நேரமும் சுருங்கும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி நீரைத் தொடும்போது விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் வருகிறது. 1/1000 விநாடியில் அது 3 மில்லிமீட்டர் நகர்ந்து கோடாக இழுபட்டுவிடும். 1/20,000 விநாடியிலோ 0.15 மில்லிமீட்டர்தான் நகரும்.

துளியின் அளவு, விழும் உயரம், பாத்திரத்தின் நீர்மட்டம் ஆகியவை மாறாதிருக்க வேண்டும். முந்தைய துளியின் அலை முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற வேலை அல்ல.

ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே மின்பொறியின் ஒளியில் இவ்வாறு துளிக்குத் துளி நேரத்தைத் தள்ளித் தெறிப்பை ஆராய்ந்தார். முதலில் கண்ணால் கண்டதைக் கையால் வரைந்தார். அந்த ஓவியங்களில், தெறிக்கும் நீர் கிரீடம் போல எழும் வடிவம் எல்லாப் பக்கமும் சீராக இருந்தது. 1890களில் புகைப்படம் எடுத்த பிறகுதான், உண்மையான தெறிப்புகள் பெரும்பாலும் கோணல்மாணலானவை என்பதை அவரே ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

தெறிப்பைச் சீரானதாகக் காட்டும் அதே சபலம் இன்று படம் எடுப்பவர்களுக்கும் உண்டு. நேரம் பிசகியதால் முன்பின்னாகத் துள்ளும் ஃபிரேமை நீக்குவது நியாயமே. வடிவம் அழகாக இல்லை என்பதற்காக நீக்கினால், இயற்கையில் நிகழாத ஒரு தெறிப்பைக் காட்டியவர்களாவோம். ஆகவே, இத்தகைய படங்களைத் தாங்கள் வெளியிடும்போது, அவை பல துளிகளின் தனித்தனிப் படங்களைக் கோத்து உருவாக்கப்பட்டவை என்பதையும், ஃபிரேம்கள் எந்த அடிப்படையில் நீக்கப்பட்டன என்பதையும் படக்குறிப்பில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்