மாதக் கட்டணம் இல்லாத கணக்கு: கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மகளுக்கு,

தொழிலுக்குத் தனிக் கணக்கு தொடங்கப் போகிறேன், மாதக் கட்டணம் இல்லாததாகப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நல்லது. வங்கி விளம்பரங்களை இப்போதைக்கு ஓரமாக வை. கடைசி 3 மாத ஸ்டேட்மெண்டை எடுத்து எண்ணி ஒரு தாளில் எழுது: எத்தனை வரவு, எத்தனை பற்று, ரொக்கமாக எவ்வளவு கட்டினாய், காசோலை எத்தனை, வெளிநாட்டுப் பணம் எத்தனை முறை வந்தது, மாதத்திலேயே இருப்பு மிகவும் குறைந்த நாளில் எவ்வளவு இருந்தது. மூன்றில் வியாபாரம் அதிகமாக நடந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடு. இந்தத் தாள் கையில் இல்லாமல் எந்தக் கணக்கு மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, வங்கியின் முழுக் கட்டண அட்டவணை. விளம்பரத் தாள் வேறு, இது வேறு, கேட்டு வாங்கு. மாதக் கட்டணத்தை விட்டுக்கொடுத்த வங்கி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் அதைப் பிடித்துவிட முடியும். ஓர் உதாரணம், பணத்தின் பெயர் எதுவானாலும் சரி. முதல் கணக்கில் மாதக் கட்டணம் இல்லை, 20 பரிவர்த்தனை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 0.50. இரண்டாவதில் மாதம் 15, ஆனால் 100 வரை இலவசம். உனக்கு மாதம் 65 பரிவர்த்தனை என்றால் முதல் கணக்கில் 45 × 0.50 = 22.50 போகும்; இரண்டாவதில் 15 தான். 50 பரிவர்த்தனையில் இரண்டும் சமம். அதற்குக் கீழே இருந்தால்தான் ‘இலவசம்’ உனக்கு லாபம்.

எதையெல்லாம் பரிவர்த்தனை என்று எண்ணுகிறார்கள் என்பதையும் கேள். கார்டு இயந்திரத்தின் வசூல் தினமும் கணக்கில் வந்து விழுந்தால் அதுவே மாதம் 30 வரவு. இலவச எண்ணிக்கை அங்கேயே தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை சேர்த்து அனுப்பச் சொன்னால் நான்கைந்தாகக் குறையும், பணம் கைக்கு வருவது மட்டும் சில நாள் தள்ளிப்போகும். 8 பேருக்கு ஒரே கோப்பில் சம்பளம் அனுப்பினாலும் சில வங்கிகள் அதை 8 ஆகவே எண்ணும்.

‘கட்டணம் இல்லை’ என்பதும் ‘கட்டணம் தள்ளுபடி’ என்பதும் ஒன்றல்ல. தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கும், பெரும்பாலும் குறைந்தபட்ச இருப்பு. அதைத் தினசரி இருப்பில் பார்க்கிறார்களா, மாதச் சராசரியிலா என்று தெரிந்துகொள். 10,000 இருக்க வேண்டும் என்று வை. 20 நாள் 14,000, 10 நாள் 2,000 இருந்தால் சராசரி சரியாக 10,000. சராசரி விதியில் தப்பித்துவிடுவாய். தினசரி விதி என்றால் அதே மாதத்தில் கட்டணம் விழும். வாடகையும் சம்பளமும் போய், வாடிக்கையாளர் பணம் இன்னும் வராத அந்தச் சில நாட்கள்தான் ஆபத்து. நிபந்தனையைத் தவறாமல் காப்பாற்றினாலும் அது சும்மா வருவதல்ல: ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி கிடைக்கக்கூடிய 10,000 வட்டியில்லாத கணக்கில் முடங்கினால், மாதம் 50 உன் பையிலிருந்துதான் போகிறது. ‘முதல் ஆண்டு இலவசம்’ என்றால் 13-ஆம் மாதத்துக் கட்டணத்தை எழுத்தில் வாங்கு.

ரொக்கம் அதிகம் கட்டுபவர்களுக்கு இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் ஒத்துவராது. இலவச வரம்பு சிறியது, அதற்கு மேல் சதவீதக் கணக்கில் பிடிப்பார்கள். செயலியில் மட்டும் இயங்கும் சில நிறுவனங்களில் ரொக்கமோ காசோலையோ செலுத்தவே வழியிருக்காது. அவற்றில் சில வங்கியே அல்ல என்பதையும் கவனி. உன் பணத்தை வேறொரு வங்கியில் தனியாக வைத்திருப்பார்கள். நடுவில் நிற்கும் நிறுவனம் மூழ்கினால், வங்கி மூழ்கும்போது போட்ட பணத்துக்கு ஒரு வரம்புவரை ஈடு தரும் டெபாசிட் காப்பீடு நேராக உனக்கு வரும் என்று சொல்ல முடியாது. வங்கி உரிமம் யார் பெயரில் என்று பார். நீ தனி உரிமையாளர் என்றால் இன்னொன்று: பல நாடுகளில் ஒரே வங்கியில் உள்ள உன் சொந்தப் பணத்தையும் தொழில் பணத்தையும் கூட்டித்தான் காப்பீட்டு வரம்பைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் வரவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. பெரிய இழப்பு மாற்று விகிதத்தில் இருக்கும். வங்கி தரும் விகிதத்தையும் அதே நேரத்துச் சந்தை விகிதத்தையும் ஒப்பிடு. 2 சதவீத வித்தியாசம் என்றால் 5,000-க்கு 100 போயிற்று. இடையில் நிற்கும் வங்கி தன் பங்கைக் கழித்துக்கொள்வதால் வாடிக்கையாளருக்கு நீ அனுப்பிய விலைச்சீட்டின் (இன்வாய்ஸ்) தொகை முழுதாக வராமல் போகலாம். செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்று விலைச்சீட்டிலேயே எழுதிவிடு.

விண்ணப்பத்தில் தொழில் விவரத்தை ‘வியாபாரம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதே. என்ன விற்கிறாய், யாருக்கு, மாதம் சுமார் எவ்வளவு வரும் என்று எழுது. குறைவாகச் சொல்லிவிட்டு திடீரென்று பெரிய தொகை வந்தால் விசாரணை முடியும்வரை கணக்கை முடக்கி வைக்கலாம். பதிவுச் சான்று, வரி எண், முகவரிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கூட்டாளிகள் இருந்தால் பல இடங்களில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு உள்ளவர் ஒவ்வொருவரின் ஆவணத்தையும் கேட்பார்கள்.

புதுக் கணக்கு வந்ததும் பழையதை உடனே மூடாதே. முதலில் ஒரு சிறு தொகையை உள்ளே அனுப்பி, வெளியே எடுத்துப் பார். பிறகு விலைச்சீட்டில் கணக்கு எண்ணை மாற்று, தானாகப் பிடிக்கும் தவணைகளை ஒவ்வொன்றாக நகர்த்து. ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் காப்பீட்டுத் தவணையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதற்காகப் பழைய ஸ்டேட்மெண்டை 12 மாதம் பின்னால் புரட்டு. பழைய கணக்கை மூடும் முன் எல்லா ஸ்டேட்மெண்டையும் இறக்கி வைத்துக்கொள். வரிக் கணக்குக்குக் கேட்கும்போது, மூடிய கணக்கின் தாளுக்கு வங்கி கட்டணம் கேட்கலாம்.

இரண்டு அட்டவணை கையில் கிடைத்ததும் உன் தாளோடு சேர்த்து எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா