கர்ப்பப்பையை எடுத்த பிறகும் சோதனை உண்டு

ஆசிரியருக்கு,

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், சரி. அதை உண்டாக்கும் அதே எச்பிவி வைரஸ் பிறப்புறுப்பின் உள்சுவரிலும் புற்றுக்கு முந்தைய மாற்றத்தை உண்டாக்கும் என்று யாரும் சொல்வதில்லை. என் பெரியம்மாவுக்குக் கருப்பை வாயில் அந்த மாற்றம் இருந்துதான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். "அதான் எடுத்தாச்சே, இனி என்ன டெஸ்ட்?" என்று 6 வருடம் இருந்துவிட்டார், வலி, ரத்தப்போக்கு எதுவும் கிடையாது, வேறு எதற்கோ போனபோது எடுத்த பாப் ஸ்மியரில் (செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் சோதனை) சந்தேகம் வந்து, அப்புறம் கால்போஸ்கோப்பில் (பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துச் சதைத்துணுக்கு எடுத்து, பிறப்புறுப்பின் உள்சுவரில் அந்த மாற்றம் இருப்பதை உறுதி செய்தார்கள். லேசான மாற்றம் பெரும்பாலும் தானே மறையும், கண்காணித்தால் போதும். இவருடையது தீவிர நிலை, லேசர் சிகிச்சை. திரும்ப வரலாம் என்பதால் இன்னும் செக்கப் போகிறார். 12 வயதுப் பேத்திக்கு எச்பிவி தடுப்பூசி 2 டோஸும் போடவைத்தது அவர்தான்.

ஒரு வாசகி, மதுரை