இரண்டு மண்கட்டி அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள கண்ணு,

நம்ம தோட்டத்து மண்ணைச் சோதித்துக் கொடுத்த மண்வள அட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷத்துல இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கரிமச்சத்து 0.32 சதவீதத்தில் இருந்து 0.47 ஆகியிருக்கிறது. 0.5-ஐத் தொடாதவரை அட்டையில் 'குறைவு' என்றுதான் போடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணே சுமார் 9 லட்சம் கிலோ வரும். அதில் 0.15 சதவீதம் என்றால் 1,350 கிலோ கரிமம். நம்ம ஊர் வெயிலுக்கு, போடும் எருவில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் சில வாரத்தில் இருந்த இடம் தெரியாது. அதெல்லாம் போக மண்ணில் தங்கியதுதான் இது.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் நாலு தடவை ரொட்டவேட்டர் விட்டு மண்ணை மாவாக்கினேன். அதுதான் நல்ல உழவு என்று நம்பினேன். கட்டி உடைய உடைய உள்ளே பொதிந்திருந்த பழைய மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழையும் எருவும், காற்றுப் பட்டு அழிந்தது. அடியில் தரை இறுகிப்போனது. கடலை விதைத்து ஒரு பெருமழை பெய்தால் மேலே பொருக்குத் தட்டும், முளை வெளியே வர முடியாமல் உள்ளேயே வளைந்து கிடக்கும். உன் அம்மா குச்சியை வைத்துக்கொண்டு பொருக்கைக் கிளறியபடி குனிந்தே நடந்தது எனக்கு மறக்கவே மறக்காது.

அதை நிறுத்தினேன். கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் மூடாக்குப் போட்டோம். கோடையில் எருவுக்காக ஆட்டுப்பட்டி. நிலம் சும்மா கிடக்காமல் கொள்ளு, தட்டைப்பயறு. வேரும் பூஞ்சை இழையும் விடுகிற பசை மண்ணைக் குருணை குருணையாகக் கட்டுகிறது. அந்தக் குருணைக்குள் மாட்டிக்கொண்ட மக்கை நுண்ணுயிர் எளிதில் எட்டாது. உழவைக் குறைக்காமல் எருவை மட்டும் கொட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

பஸ்ஸில் மஞ்சள்தூளோடு இரண்டு மண்கட்டி வருகிறது. நிழலில் உலர்த்தியவை. வெள்ளைத் துணியில் இருப்பது நம்ம தோட்டத்து மண். காகிதத்தில் இருப்பது குத்தகைக்கு விட்ட கீழ்க்காட்டு மண், அங்கே இன்னும் ரொட்டவேட்டர்தான். ஒவ்வொன்றையும் டீ வடிகட்டியில் வைத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்கு. இங்கே நான் போட்டுப் பார்த்தபோது கீழ்க்காட்டுக் கட்டி குமிழ் விட்டுச் சரிந்தது. காபி ஆறுவதற்குள் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. உள்ளே புகும் தண்ணீர் காற்றை நெருக்கும்போது பசையில்லாத மண் வெடித்துவிடும். நம்முடையது மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது.

பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடு கண்ணு. தோட்டத்தையும் குத்தகைக்கு விடலாமே என்றாயே, எனக்கு மனசு வரவில்லை. கீழ்க்காட்டுக் குத்தகை தையோடு முடிகிறது. அதையும் திரும்ப வாங்கி நாமே பார்க்கலாமென்று இருக்கிறேன். உன்னிடம் பேசிவிட்டுத்தான் குத்தகைக்காரரிடம் சொல்வேன்.

அப்பா