காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வருஷம் என் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். கண் வெளுத்தது, காமாலை இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்துக் கால் வீங்கி, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று.

ஹெபடைடிஸில் தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் (ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஈ உயிருக்கே ஆபத்தாகலாம்), அந்தப் பெயரைத்தான் பச்சிலை தட்டிக்கொண்டு போகிறது. ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியாக வரும் பி, சி இரண்டும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலை அரிக்கும். சி வகையை 12 வார மாத்திரையிலேயே பெரும்பாலானோருக்குக் குணப்படுத்திவிடலாம், பி-யை மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் ஒன்று, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் பி தடுப்பூசியைத் தயவுசெய்து யாரும் தள்ளிப்போடாதீர்கள். பெரியப்பா வீட்டில் இப்போது எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

- ஒரு வாசகர், திருவண்ணாமலை