கை நடுக்கத்தைத் தாங்கும் லென்ஸை விற்றுவிட்டு என் கையைக் குறை சொன்னது பற்றிய புகார்

அனுப்புநர்:
ஸ்டூடியோ உரிமையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 10.3.2025

பொருள்: 70–200 மி.மீ. லென்ஸில் நடுக்கத் தடுப்பு பழுது – பலமுறை அலைந்தும் சரிசெய்யப்படாதது – மாற்று லென்ஸ் அல்லது முழுப் பணம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதே லென்ஸைப் பற்றி நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே வரிதான் பதிலாக வந்தது: ‘தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது.’ பதிவு செய்தவர் யார், படித்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் இம்முறை தாளில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒருவராவது முழுவதும் படியுங்கள்.

12.9.2024 அன்று திருச்சியில் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் இந்த லென்ஸை ரூ.1,68,500 கொடுத்து வாங்கினேன். உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள். வரிசை எண் பில் நகலில் இருக்கிறது; எந்த லென்ஸ் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் மேல் ‘ஐந்து ஸ்டாப் நடுக்கத் தடுப்பு’ என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அதாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஐந்து முறை இரட்டிப்பாக்கினாலும் கை அசைவு படத்தைக் கெடுக்காது. நடுக்கத் தடுப்பு இல்லாத லென்ஸ் அதே கடையில் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுத்தேன்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அங்குள்ள மண்டபத் தூண்களின் சிற்பங்களைப் படம் எடுத்துத் தரும் பொறுப்பை ஓர் ஆய்வாளர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. முக்காலி வைக்க வேண்டுமானால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்து எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. தூணின் மேற்பகுதியில் உள்ளங்கை அளவில் செதுக்கிய சிற்பங்களை 200 மி.மீ. வரை ஜூம் செய்தால்தான் எட்ட முடியும். வெயில் நேரத்திலும் உள்ளே இருட்டு.

200 மி.மீ.யில் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது, அதாவது ஷட்டர் அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கக் கூடாது என்பது ஃபிலிம் காலத்திலேயே நாங்கள் கற்ற கணக்கு. நடுக்கத் தடுப்பு ஒரு ஸ்டாப் தாங்கினால் 1/100, இரண்டு தாங்கினால் 1/50, மூன்று தாங்கினால் 1/25. ஐந்து என்றால் ஏறத்தாழ 1/6 நொடி. அந்த 1/6ஐ நான் ஒருநாளும் கேட்கவில்லை. பெட்டியில் உள்ளது பரிசோதனைக் கூடத்து எண், கைக்கு வரும்போது ஒன்றிரண்டு குறையும் என்பது எனக்குத் தெரியும். நான் எதிர்பார்த்தது 1/25 மட்டுமே. கல் நகராது. என் கை அசைவை மட்டும் லென்ஸ் தாங்கிக்கொண்டால் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 800இல் உளியின் தடம்கூடத் தெரியும்படி எடுத்துவிடலாம்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 1/25 கிடக்கட்டும், 1/100இலேயே படம் இரட்டையாக விழுகிறது. வீட்டுச் சுவரில் நாட்காட்டித் தாளை ஒட்டி, ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பார்த்தேன். ‘இராகு காலம்’ என்ற வரிக்குக் கீழே உள்ள சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ட’ எழுத்தின் நிற்கும் கோடு கத்தி போல இருக்கிறது. படுத்திருக்கும் கோடு மட்டும் இரண்டாகத் தெரிகிறது. ‘ப’விலும் அப்படியே, அடிக்கோடு இரண்டு. கை பொதுவாக நடுங்கினால் இப்படி ஒரு திசையில் மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரே மாதிரி விழாது. மேலும் கீழுமான அசைவை உணர்ந்து திருத்தும் பகுதி தவறாக வேலை செய்கிறது என்பதுதான் இதன் பொருள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தால், காட்சி நிலைப்பதற்குப் பதிலாக விக்கல் வந்தது போல மேலே துள்ளுவதையும் காணலாம். பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பார்க்கத்தான் உங்களிடம் ஆள் இல்லை.

இனி 8.2.2025 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

தை மாதக் கடைசி முகூர்த்த வாரம் அது. உங்கள் உதவி எண்ணில் பேசிய பெண், “சனிக்கிழமை நேரில் வாருங்கள், பொறியாளர் உங்கள் எதிரிலேயே சோதித்துப் பார்ப்பார்” என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு திருமணப் பணி இருந்தது. அதை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெள்ளி இரவு பஸ் ஏறினேன். ஏறத்தாழ 300 கிலோமீட்டர், லென்ஸ் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். காலை பத்து மணிக்கு உங்கள் சேவை மையத்தில் டோக்கன் வாங்கினேன். பன்னிரண்டே கால் மணிக்கு அழைத்து, “இன்று இரண்டாம் சனிக்கிழமை, பொறியாளருக்கு விடுமுறை, லென்ஸைக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்றார்கள். வரச் சொன்னது நீங்கள். நாள் குறித்ததும் நீங்கள்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். நாட்காட்டிப் படங்களைக் கையோடு அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். முன்மேசையில் இருந்த இளைஞர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, “உங்கள் வயதுக்குக் கை நடுங்கத்தான் செய்யும் சார், ஒரு ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஐயா, எனக்கு 58 வயது. 31 ஆண்டுகளாக இந்தக் கையால்தான் சோறு சாப்பிடுகிறேன். அந்த இளைஞர் பிறப்பதற்கு முன்பே மணவறை விளக்கு வெளிச்சத்தில், திரும்ப எடுக்க முடியாத ஃபிலிமில், தாலி கட்டும் நொடியைப் பிடித்த கை இது. என் கை நடுங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். மனிதக் கை எல்லாமே சிறிதாவது அசையும். அந்த அசைவைத் தாங்குவதற்காகத்தானே நீங்கள் இந்தச் சாதனத்தைச் செய்து, அதற்குத் தனி விலை வைத்து விற்கிறீர்கள்? நடுங்காத கை உள்ளவனுக்கு இது எதற்கு?

அதே கையால் எடுத்த வேறு படங்களையும் இணைத்திருக்கிறேன். 2013இல் வாங்கிய உங்கள் நிறுவனத்தின் பழைய லென்ஸ், 105 மி.மீ., நடுக்கத் தடுப்புடன் 1/15 நொடி: பத்தில் ஏழு படங்கள் தெளிவு. கை மாறவில்லை, கேமரா மாறவில்லை, லென்ஸ் மட்டும்தான் வேறு. போதாது என்று என்னிடம் வேலை கற்கும் 23 வயதுப் பையனிடமும் கொடுத்து எடுக்கச் சொன்னேன். புதிய லென்ஸில் அவனுக்கும் ‘ட’வின் படுத்த கோடு இரண்டுதான். அவனுக்கும் வயதாகிவிட்டது என்று சொல்வீர்களா?

பதினெட்டு நாட்கள் கழித்து லென்ஸ் கூரியரில் திரும்பி வந்தது. ‘சோதிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை’ என்று ஒரு தாள். நீங்கள் கேட்டதற்காகக் கேமராவையும் நினைவக அட்டையையும் சேர்த்தே கொடுத்திருந்தேன். அந்த அட்டையில் உங்கள் பொறியாளர் எடுத்த 14 படங்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றின் தகவலையும் திறந்து பார்த்தேன். பதினான்கிலும் ஷட்டர் வேகம் 1/640 நொடி. பதினான்கிலும் குவியத் தூரம் 70 மி.மீ. ஐயா, 70 மி.மீ.யில் 1/640 வைத்தால் நடுக்கத் தடுப்பே இல்லாத லென்ஸும் தெளிவாக எடுக்கும். நான் சொன்னது 200 மி.மீ., 1/100க்குக் கீழே. பணிச் சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். குடையில் ஓட்டை என்று கொடுத்தால் வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு நனையவில்லை என்று எழுதித் தருவதா சோதனை? அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டுகிறேன்.

இதில் நான் இழந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜனவரி மாத இறுதியில் ஒரு திருமணம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, 180 மி.மீ., 1/160 நொடியில் தாலி கட்டும் காட்சியை எடுத்தேன். நடுக்கத் தடுப்பு ஆள் அசைவை நிறுத்தாது என்பது தெரிந்ததால்தான் 1/160 வைத்தேன். மாப்பிள்ளையின் விரல்கள் அசைந்து மங்கியிருந்தால் அது என் பிழை. ஆனால் விரல்களுக்குப் பின்னால் அசையாமல் நின்ற குத்துவிளக்கின் தட்டு விளிம்பும் இரண்டாகத் தெரிகிறது. அதன் தண்டு மட்டும் நேராக, கூர்மையாக நிற்கிறது. நாட்காட்டியில் கண்ட அதே குறை! பெண்ணின் தகப்பனார் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, அந்தப் பக்கத்தில் நின்று, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். ரூ.25,000 குறைத்துக்கொண்டேன். பணம் போகட்டும். 31 ஆண்டுகளில் சேர்த்த பெயர் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் போய்விட்டது. இந்த ஊரில் இனி எந்தக் குடும்பம் என்னை நம்பி மணவறைக்கு அழைக்கும்?

உதவி எண்ணில் பேசிய இன்னொருவர், “1/500 வைத்து எடுங்கள், பிரச்சினை இருக்காது” என்று யோசனை சொன்னார். ஐ.எஸ்.ஓ. 800இல் 1/25 நொடியில் கிடைக்கும் வெளிச்சத்தை 1/500இல் பெற வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 16000க்குப் போக வேண்டும். அவ்வளவு உயர்த்தினால் படமெங்கும் புள்ளி பூத்து, கல்லின் சொரசொரப்பு எது, கேமராவின் புள்ளி எது என்று பிரித்தறிய முடியாது. சிற்பத்தின் காதணியில் உள்ள வேலைப்பாடு மழுங்கிப்போகும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கல்லை அப்படியா பதிவு செய்வது? அதுவும் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கொடுத்த பிறகு?

சோதனைக் கணக்கையும் தந்துவிடுகிறேன். 200 மி.மீ.யில், ஒவ்வொரு வேகத்துக்கும் பத்துப் படங்கள். 1/200இல் நடுக்கத் தடுப்பை நிறுத்தி எடுத்தால் ஒன்பது தெளிவு. இயக்கி எடுத்தால் ஐந்து. 1/100இல் நிறுத்தினால் ஆறு, இயக்கினால் மூன்று. 1/50இல் நிறுத்தினால் மூன்று, இயக்கினால் ஒன்று. இயக்கினால் நன்றாக வர வேண்டிய படம் நிறுத்தினால்தான் நன்றாக வருகிறது. நீங்கள் விற்ற வசதி என் படத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நகரும் பொருளைத் தொடர்ந்து எடுப்பதற்கான இரண்டாம் நிலையிலும் சோதித்தேன். அந்த நிலையில் மேல்–கீழ் அசைவு மட்டும் திருத்தப்படும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. மகாமகக் குளத்தின் கரையில் நின்று, சைக்கிளில் போனவர்களைக் கூடவே கேமராவைத் திருப்பி 1/60 நொடியில் எடுத்தேன். இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் சைக்கிளின் குறுக்குக் கம்பி இரண்டு. எந்த அச்சில் பழுது என்று உங்கள் பொறியாளர் தேடவும் வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

பல ஆண்டுகளாக உங்கள் நிறுவனத்தின் கேமராக்களைத்தான் வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து இந்த ஊரில் பலர் உங்கள் கேமராவை வாங்கியிருக்கிறார்கள். சண்டை போட வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. லென்ஸை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் ரூ.1,68,500ஐத் திருப்பிக் கொடுங்கள். சென்னைப் பயணச் செலவையும், குறைத்துக்கொண்ட ரூ.25,000ஐயும் தாருங்கள். முன்மேசையில் என்னை அப்படிப் பேசியவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் கடைசிக் கோரிக்கையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்வேன். அதன் பிறகு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. அப்போது சென்னையிலிருந்து இரவு பஸ் ஏறி வர வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அந்த நிலை வராது என்று நம்புகிறேன். லென்ஸை மீண்டும் சோதிக்க விரும்பினால் தாராளமாகச் சோதியுங்கள்; ஆனால் 200 மி.மீ.யில், 1/50 நொடியில், கையில் பிடித்து, என் எதிரில். நாள் குறிக்கும்போது இரண்டாம் சனிக்கிழமையா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

பில், உத்தரவாத அட்டை, பணிச் சீட்டு, ‘குறை இல்லை’ தாள் ஆகியவற்றின் நகல்களையும், நாட்காட்டிப் படங்கள் அச்சிட்ட பன்னிரண்டு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எடுத்த 14 படங்களையும் அழிக்காமல் அதே அட்டையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
கும்பகோணம்.