12-14 வயசுப் பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி (2022): பெயர் கொடுங்கள்

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். புதன்கிழமை காரைக்குடியில் நம் பள்ளிக்கூடத்திலேயே கோர்பிவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசி போட வருகிறார்கள். ஒரு குப்பியில் 20 டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால்தான் பெயர் கேட்கிறேன், யாரையும் நெருக்க இல்லை. ஊசி கட்டாயமில்லை.

"பெரியவங்களுக்குப் போட்டதேதானா?" என்று மூன்று பேர் கேட்டீர்கள். இல்லை, கோவிஷீல்டு வேறு. இது கைக்குழந்தைக்குப் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசி மாதிரி புரதத்தை வைத்துச் செய்தது, உள்ளே கிருமி கிடையாது.

எங்கள் வீட்டிலும் பேச்சு ஓடியது. "பிள்ளைகளுக்கு லேசா வந்து போயிடுதே, எதுக்கு?" என்றார் அப்பத்தா. நியாயமான கேள்விதான். ஆனால் வளவில் அவர் கை நீட்டி முறுக்குச் சுற்றும்போது தோளுக்குக் கீழே அம்மை குத்திய தழும்பு வட்டமாகத் தெரிந்தது. அதைக் காட்டினேன், சிரித்துவிட்டார். என் பெரியவளுக்கு ஜனவரியில் கோவேக்சின் என்ற வேறொரு கொரோனா ஊசி போட்டோம். ராத்திரி லேசாகக் காய்ச்சல், மறுநாள் மத்தியானம் பணியாரம் கேட்டாள்.

அப்புறம், ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று சுற்றும் அந்த ஆடியோவை இங்கே போடாதீர்கள், ஏற்கெனவே இரண்டு முறை அழித்துவிட்டேன். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பிடவைத்து அனுப்புங்கள், ஆதார் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள். இரண்டாவது டோஸ் 28 நாள் கழித்து. பெயரை நாளை மாலைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.